இந்த மாத்திரையை எப்போது நிறுத்துவார்கள்?

ஒரு வீட்டுப் பையன் போதையில் விழுந்துவிட்டான் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் கூடிப் பேசும் பேச்சு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "எங்கேயாவது மூணு மாசம் உள்ளே போட்டுடுங்க, தெளிஞ்சு வந்துடுவான்" என்பார் பெரியப்பா. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, பொறுப்பு தானா வந்துடும்" என்பார் மாமா. பக்கத்து வீட்டு அம்மா மாலை போடச் சொல்வார். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். எங்கள் குடும்பத்திலும் இதெல்லாம் சொல்லப்பட்டது, சிலது செய்தும் பார்க்கப்பட்டது.

ஹெராயின், பிரவுன் சுகர், இப்போது சென்னையில் பரவியிருக்கும் வலி மாத்திரைகள் போன்ற அபின் வகைப் போதைக்கு, உயிரைக் காப்பாற்றும் என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான சிகிச்சை ஒன்று இருக்கிறது. பியூப்ரினார்ஃபின் போன்ற, நீண்ட நாள் தொடர வேண்டிய மருந்து அது. மறுவாழ்வு மையம், கவுன்சலிங், தியானம் எல்லாம் அதற்கு மேல்தான் வரவேண்டும். ஆனால் குடும்பம் முதலில் நிறுத்தச் சொல்வது அந்த மருந்தைத்தான். இதைப் பற்றித் தமிழில் பொறுமையாக யாராவது எழுதியிருந்தால் எங்கள் சித்தி வீட்டுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

சித்தி மகன் என்னைவிட வயதில் நிறையச் சின்னவன். ஏசி மெக்கானிக். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். இரண்டாவது மாடி சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட் மாட்டும்போது வழுக்கி விழுந்து முதுகில் அடி. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. கூட வேலை பார்த்தவன் கொடுத்த மாத்திரையில் வலி போனது. வலியோடு சேர்ந்து அலுப்பும் கவலையும் போனது. அப்புறம் வலி இல்லாத நாட்களிலும் மாத்திரை.

அது டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து. மூளையில் மார்ஃபின் எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறதோ அதே இடத்தை இதுவும் பிடித்துக்கொள்ளும். முன்பு இந்த இடத்தில் டிரமடால் புழங்கியது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்போது அந்தப் பட்டியலில் சேராத டேபென்டடாலுக்குக் கள்ளச்சந்தை நகர்ந்தது. விழுங்குவதில் கிடைப்பது போதாமல் போகும்போது பையன்கள் மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? மாவுப் பொருளும் கரையாத தூளும் சேர்ந்தே நரம்புக்குள் போகின்றன. நரம்பு அடைத்துக்கொள்கிறது, சீழ் கட்டுகிறது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் கூடவே வருகின்றன. கொளுத்தும் வெயிலிலும் தம்பி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காரணம் எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏதாவது ஓர் அபின் வகைப் பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்திய மக்களில் 2.06 சதவீதம் என்றும், ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்றும் அது கணக்கிட்டது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவர்தான் எப்போதாவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி பத்தொன்பது பேரின் வீடுகளில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதல்முறை தம்பியைச் சேர்த்த மறுவாழ்வு மையத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஊருக்கு வெளியே, உயரமான மதில் சுவர், வாசலில் பெரிய பூட்டு. சித்தி வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினார். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால் "வருவாரும்மா" என்பார்கள். மருந்து எதுவும் கொடுக்காமல், அடித்து உதைத்து, தரையில் கிடக்கவிட்டு அவஸ்தையைக் கடக்க வைத்தார்கள். சில மாதம் கழித்து வெளியே வந்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டான் என்று சித்தி கோயிலில் பொங்கல் வைத்தார். வந்த அந்த வாரமே மறுபடியும் எடுத்தான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் "இவன் திருந்தவே மாட்டான்" என்ற முடிவுக்கு வருகின்றன. உடம்பில் நடப்பது என்ன என்று தெரிந்தால் அப்படி ஒரு முடிவுக்கு வரத் தேவையில்லை.

அபின் வகைப் பொருளைத் தினமும் எடுக்கிறவருக்கு அதை நிறுத்தினால் எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் உடம்பு புரட்ட ஆரம்பிக்கும். தம்பியை அந்த நிலையில் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் கொட்டாவி, ஒன்றன்பின் ஒன்றாக. மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், சளி பிடித்த குழந்தை மாதிரி. அப்புறம் கை முழுக்க மயிர்க்கூச்செறியும். வேர்த்துக் கொட்டிக்கொண்டே "குளிருதுக்கா, ஃபேனை நிறுத்துக்கா" என்பான். நிறுத்தினால் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்காருவான். வயிறு பிடித்து இழுக்கும், வாந்தியும் பேதியும் மாறி மாறி வரும். கால்கள் அவன் பேச்சைக் கேட்காமல் தன்னால் உதறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கும். குடிப்பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் ஜன்னியும் வந்து உயிரே போகலாம். இதில் அப்படி உயிர் போவது அரிது. ஆனால் செத்துவிடலாம் போலிருக்கும்.

பத்து நாளில் அடங்குவது இந்த அவஸ்தை மட்டும்தான். மூளைக்குள் நடந்திருக்கும் மாற்றம் அப்படியே இருக்கும். தூக்கம் மாதக்கணக்கில் சரியாக வராது. எதிலும் ருசி இருக்காது. பழைய தெருவில் திரும்பினாலே, பழைய நண்பனின் பைக் சத்தம் கேட்டாலே, உடம்பு கேட்க ஆரம்பித்துவிடும். அதைவிட ஆபத்தான இன்னொன்றும் இருக்கிறது. நிறுத்தியிருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிடுகிறது. முன்பு சாதாரணமாகத் தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். தெளிந்து வெளியே வருகிறவன்தான், அந்த முதல் சில வாரங்களில், சாவுக்கு மிக அருகில் இருக்கிறான். சிறையிலிருந்து வருகிறவனுக்கும் இதே கதைதான்.

2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சின்ன ஆய்வை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு. லண்டனில் ஹெராயின் போதையை நிறுத்த மருத்துவமனையில் சேர்ந்த 137 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் நாலு மாதத்தில் அளவு மீறி எடுத்து இறந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே தாங்கும் திறனை முழுக்க இழந்த குழுவைச் சேர்ந்தவர்கள். அதாவது, போதையை முழுதாக நிறுத்தி, சிகிச்சையை வெற்றிகரமாக முடித்த 37 பேருக்குள் இருந்தவர்கள். பாதியிலேயே ஓடிப்போனவர்களில் ஒருவர்கூட அப்படி இறக்கவில்லை. ஆய்வு சின்னதுதான், அதை வைத்து யாரும் பாதியில் ஓடிப்போக வேண்டாம். நிறுத்த வைத்துவிட்டு, மேலே மருந்து எதுவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மேற்கொண்டு தரவேண்டிய மருந்துகளில் முக்கியமானவை இரண்டு: மெத்தடோன், பியூப்ரினார்ஃபின். மெத்தடோனை 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹெராயின் நோயாளிகளுக்கு முதலில் முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் அதிகம் புழங்குவது பியூப்ரினார்ஃபின்.

அதுவும் மூளையில் அதே இடத்தில்தான் போய் ஒட்டுகிறது. ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டுகிறது. அவஸ்தை வராது, ஏக்கம் அடங்கும், தலைக்கு ஏறாது. ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாலும் மூச்சை அடக்கும் வேலை அதற்கு மேல் ஏறுவதில்லை என்பது அதன் பெரிய பாதுகாப்பு. தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு நல்ல குணம், இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால் மேலே வேறு அபின் வகை எதைப் போட்டாலும் அது அவ்வளவாக ஏறாது. முதல் டோஸ் மட்டும் கவனமாகக் கொடுக்க வேண்டும். பழைய போதை உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்து, அவஸ்தை ஒரேயடியாக வந்துவிடும். அதனால் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கும்வரை டாக்டர் காத்திருக்கச் சொல்வார். தம்பிக்கு அந்தக் காத்திருப்பு கொடுமையாக இருந்தது. போட்ட ஒரு மணி நேரத்தில் டாக்டரின் பெஞ்சிலேயே தூங்கிவிட்டான்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை வந்த வழியைச் சொல்ல வேண்டும். ஊசி மூலம் ஹெச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கத்தான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. போதைப்பொருளுக்குப் பதிலாக இந்த மருந்தைத் தரும் அந்த மையங்களைத்தான் ஓ.எஸ்.டி. மையங்கள் என்று சொல்கிறார்கள். ஊசி போடுகிறவர்களை மனதில் வைத்து வந்ததால், மாத்திரை விழுங்குகிறவனுக்கும் இதே மருந்து தேவை என்பது பல ஊர்களில் போய்ச் சேரவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, போதை சிகிச்சை தெரிந்த சைக்யாட்ரிஸ்டிடமோ கேட்க வேண்டும். தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை இது, அப்படிப் போடவும் கூடாது.

ஓ.எஸ்.டி. மையத்தில் நடப்பது வெளியிலிருந்து பார்த்தால் சப்பென்றிருக்கும். காலையில் ஒரு ஜன்னல் முன்னால் வரிசை. நர்ஸ் அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் பெயரைத் தேடி, மாத்திரையை எடுத்துப் பொடியாக்குகிறார். வந்தவர் வாயைத் திறந்து நாக்கை மேலே மடிக்க, அடியில் பொடி விழுகிறது. விழுங்கக் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலில் வீணாகிவிடும். கரையும்வரை பெஞ்சில் வாயை மூடி உட்கார வேண்டும். பேசவும் கூடாது. ஆட்டோ டிரைவர் காக்கிச் சட்டையோடு ஒருவர், என் அப்பா வயதில் ஒருவர், காலேஜ் பையோடு ஒரு பையன், எல்லாரும் எச்சிலை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கரைந்ததும் நர்ஸிடம் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்தை வாயில் அடக்கி வெளியே கொண்டுபோய் விற்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அதன் பிறகு வாசல் டீக்கடையில் ஒரே பேச்சும் சத்தமும்.

தம்பி இதைத் தொடர ஆரம்பித்தபின் வேலைக்குத் திரும்பினான். கோடை சீசனில் மூச்சுவிட நேரமில்லாமல் சர்வீஸ் பார்த்தான். சம்பளம் வீட்டுக்கு வந்தது. வளையலை மீட்டான். ஒரு நாள் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அதுவும் மாத்திரை, இதுவும் மாத்திரை. ஒண்ணை விட்டு இன்னொண்ணுல மாட்டிக்கிட்டானே. இதை எப்ப நிறுத்துவாங்க?"

நியாயமான கேள்வி. படித்தவர்களும் கேட்கிறார்கள், சில டாக்டர்களும்கூடக் கேட்கிறார்கள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் சித்தியின் சர்க்கரை மாத்திரையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். "உங்களுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கேன்னு மாத்திரையை நிறுத்துறோமாம்மா? மாத்திரை போடுறதாலதானே கன்ட்ரோல்ல இருக்கு." சித்தி தலையாட்டினார், ஆனால் முகத்தில் சமாதானம் வரவில்லை. எனக்கும் அந்த விளக்கம் பாதிதான் போதுமானதாக இருந்தது. சர்க்கரை மாத்திரை போடுகிறவரை யாரும் ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்வதில்லையே.

அதனால் வீட்டில் உட்கார்ந்து அவனுடைய ஒரு நாளை, முன்பும் இப்போதும், சித்தியோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தேன். முன்பு காலையில் கண் விழித்ததும் அவன் யோசித்தது, இன்றைக்கு மாத்திரைக்குப் பணம் எப்படி என்று. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தலை தொங்கும், பின் உடம்பு கேட்கும், பின் மறுபடி தேடல். பொய், கடன், தங்கையின் போன் காணாமல் போவது. இப்போது காலையில் ஒருமுறை மருந்து, அப்புறம் மறுநாள் காலைவரை அதைப் பற்றிய நினைப்பே இல்லை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருப்பது வேறு, ஒரு பொருள் ஒரு மனிதனை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பது வேறு. சித்திக்கு அது புரிந்தது. "கண்ணைப் பார்த்துப் பேசுறான்" என்று அவரே சொன்னார்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. 2003இல் லான்செட் இதழில் வந்தது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு ஒரு வருடம் முழுக்க தினமும் பியூப்ரினார்ஃபின். மற்ற 20 பேருக்கு ஆறே நாள் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன்பின் மருந்தில்லாத போலி மாத்திரை. கவுன்சலிங், குழுக் கூட்டம் எல்லாம் இரண்டு பக்கமும் தீவிரமாக, ஒரே மாதிரி. வருட முடிவில் மருந்து தொடர்ந்தவர்களில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்ற குழுவில் ஒருவர்கூட இல்லை. அந்த 20 பேரில் நாலு பேர் உயிரோடும் இல்லை. நல்ல கவுன்சலிங் மட்டும் போதும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு பேர் நினைவுக்கு வருவார்கள். பிரான்சில் 1990களின் நடுவில் சாதாரண குடும்ப டாக்டர்களே இந்த மருந்தை எழுதலாம் என்று அனுமதித்தார்கள். 1995க்கும் 1999க்கும் இடையில் அங்கே அளவு மீறிய போதை மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு நேரான பதில்: கெடு கிடையாது. சிலருக்குச் சில வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்க. நிறுத்துவதென்றால் வேலை, வீடு, தூக்கம், உறவு எல்லாம் நிலைப்பட்டபின், நோயாளியே விரும்பி, டாக்டரோடு பேசி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவோ, தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்காகவோ நிறுத்தக் கூடாது. இது எங்கள் வீட்டிலேயே நடக்கவிருந்தது, பெண் பார்க்கும் பேச்சு வந்தபோது.

இன்னொரு வழி நால்ட்ரெக்ஸோன். இது மூளையில் போதை போய் ஒட்டும் அந்த இடத்தை அடைத்துவிடும் மருந்து. போதை ஏறவே ஏறாது, உடம்பு இதற்குப் பழகுவதும் இல்லை. கேட்கும்போது இதுதான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் பத்து நாளாவது எதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும், மாத்திரையைத் தினமும் போட வேண்டும், ஏக்கத்தை அது பெரிதாக அடக்காது. அதனால் பலர் மாத்திரையைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் தினமும் கையில் கொடுத்துப் போட வைக்கக்கூடிய, மன உறுதியுள்ள சிலருக்குப் பொருந்தும்.

மெத் போன்ற ஊக்கப் போதைக்கும் கஞ்சாவுக்கும் இப்படி உறுதியான மருந்து இன்னும் இல்லை. அங்கே சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சைதான் பிரதானம். "கஞ்சாவுக்கு ஊசி போட்டு ஒரே வாரத்தில் குணம்" என்று சுவரொட்டி பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டதால் கவுன்சலிங்கை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மருந்து உயிரோடு வைத்திருக்கிறது. அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள ஆள் வேண்டும். சென்னையில் இதற்கு ஒரு நீண்ட பாரம்பரியமே உண்டு. குடியால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அவர் பெயரில் தொடங்கிய அமைப்புதான் அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடும்பத்தாருக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்று இங்கே முதலில் வலியுறுத்தியவர்களில் அவர் ஒருவர். அது எவ்வளவு தேவை என்பது சித்தியைப் பார்த்தால் தெரியும். மகன் பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாலே கதவைத் தட்டுவார். பாக்கெட்டைச் சோதிப்பார். சித்தப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். இரண்டுமே பயத்தால்தான். குடும்பங்களுக்கான கூட்டத்துக்குப் போன பிறகு சித்தி கதவைத் தட்டுவதை நிறுத்தினார். சித்தப்பா இன்னும் வரவில்லை.

போதையிலிருந்து மீள்கிறவர்களே நடத்தும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் பலருக்குக் கை கொடுக்கின்றன. காசு இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, இரவு பதினோரு மணிக்கு ஏக்கம் வந்தால் போன் செய்ய ஒரு அண்ணன் கிடைப்பார். ஆனால் சில கூட்டங்களில் "மருந்து எடுத்தால் நீ இன்னும் சுத்தமாகவில்லை" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். தம்பிக்கும் அப்படிச் சொன்னார்கள். அங்கே கிடைக்கும் நட்பை வைத்துக்கொள், மருந்து விஷயத்தை டாக்டரிடம் மட்டும் பேசு என்றேன். "சரிக்கா" என்றான், வேறு கூட்டத்துக்குப் போகிறான்.

மையம் தேடுகிறவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதனால் ஆட்களைத் தங்கவைத்து இந்தச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழலிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்தக் கொடுமையைக் கண்ட மாநிலம் நம்முடையது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டர், எந்த நேரம் வருவார், விடுதலையாகி வந்தபின் என்ன மருந்து தருவீர்கள் என்று கேளுங்கள். நோயாளியோடு போனில் பேச விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

போலீஸ் பயத்தில் மருத்துவமனைக்கே போகாத குடும்பங்கள் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவர்களுக்காகவே இருக்கிறது. சொந்தப் பயன்பாடு, சிறிய அளவு ஆகிய குற்றச்சாட்டுகளில் சிக்கியவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையை முடிக்காமல் விட்டால் விலக்கு போய்விடும். வக்கீல்களிலேயே சிலருக்கு இது நினைவில் இருப்பதில்லை, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழக அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. "கீழ்ப்பாக்கத்துக்கா போறே?" என்ற கிண்டலுக்குப் பயந்து மனநலப் பிரிவின் பக்கமே போகாதவர்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே வாசல் திறப்பது உண்மையில் பெரிய விஷயம்.

ஒருவர் அளவு மீறி எடுத்துவிட்டால் எப்படித் தெரியும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கும், உதடு நீலம் பாயும், குறட்டை மாதிரி ஒரு மூச்சு வரும், தட்டி எழுப்பினால் எழமாட்டார். "நல்லா தூங்குறான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போன வீடுகளில் காலையில் சாவு விழுந்திருக்கிறது. உடனே 108. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்ஸோன் என்ற முறிவு மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும் என்பதால், எழுந்து உட்கார்ந்தவரை உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது. இந்த மருந்தை நோயாளியின் நண்பர்களும் குடும்பமும் கையில் வைத்திருக்க வழி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அது இன்னும் மருத்துவமனை அலமாரியில்தான் இருக்கிறது.

தம்பி நடுவில் ஒருமுறை வழுக்கினான். பழைய நண்பன் ஒருவன் இறந்த துக்கத்தில், மருந்துக்குப் போவதை விட்டுவிட்டு மாத்திரை எடுத்தான். முன்பாக இருந்தால் வீட்டில் ரகளையாகியிருக்கும். இந்த முறை சித்தியே அவனை ஆட்டோவில் ஏற்றி மையத்துக்கு அழைத்துப் போனார். டாக்டர் திட்டவில்லை, டோஸை மாற்றினார், அவ்வளவுதான்.

இப்போது அவனுக்கு இருக்கும் கஷ்டம் வேறு. மையம் திறக்கும் நேரமும் வேலைக்குக் கிளம்பும் நேரமும் மோதுகின்றன. காஞ்சிபுரத்தில் ஒரு வாரம் தங்கி வேலை பார்க்கக் கூப்பிட்டால் போக முடியவில்லை. "டெய்லி வரணும்னா எந்த மேஸ்திரிக்கா வேலை கொடுப்பான்?" என்று கேட்கிறான். கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்தியா முழுக்க நிலையாக இருக்கும் நோயாளிகளுக்குப் பல நாள் மருந்தை மொத்தமாக வீட்டுக்கே கொடுத்தார்கள். மனசு வைத்தால் முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் ஒழுங்காக வருகிறவர்களுக்கு அந்த ஏற்பாட்டை எல்லா மையங்களிலும் நிரந்தரமாகவே வைத்துவிடலாம். வாரத்தில் சில நாளாவது மாலை ஏழு மணிவரை ஜன்னல் திறந்திருக்கலாம். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பியூப்ரினார்ஃபின் இருக்க வேண்டும், ஊசி போடுகிறவர், விழுங்குகிறவர் என்ற வித்தியாசம் பார்க்காமல் தர வேண்டும். சித்தியின் கையெழுத்தோடு இதையெல்லாம் மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். மையத்தின் பெஞ்சில் உட்காருகிறவர்களில் விருப்பமுள்ளவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான் தம்பி.